சேலத்திலிருந்து பவளப்பாறைக்கு: முதலில் மிதக்கப் பழகுங்கள்

"அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சு, ஆனா நீச்சல் தெரியாது, கடலுக்குள்ள இறங்கலாமா?" தெரிந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். தாராளமாக இறங்கலாம். ஆனால் டிக்கெட் போட்டதற்கும் கிளம்புவதற்கும் நடுவில் ஒரு மாதமாவது இருந்தால், அந்த ஒரு மாதத்தில் மிதக்க மட்டும் பழகிக்கொண்டு போங்கள், நீச்சல்கூட வேண்டாம். வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை என்று மலைகளுக்கு நடுவில் வளர்ந்த நமக்குத் தண்ணீர் என்றால் தோட்டத்துக் கிணறும் மேட்டூரும் ஏற்காடு ஏரிப் படகும்தான். கடலில் இறங்கியதும் கால் தானாகத் தரையைத் தேடும். பவளப்பாறையில் அந்தத் தரைக்கு உயிர் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை இறங்கியபோது கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்துவிட்டது, பதறிப்போய் எழுந்து நின்றேன். நின்ற இடம் மான்கொம்புப் பவளத்தின் மேல். காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் காலுக்கடியில் கேட்டது. கெண்டைக்காலில் சின்னக் கீறல்தான், ஆறுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. பவளம் கீறினால் அப்படித்தான், நுண்ணிய துணுக்குகள் சதையில் தங்கிவிடும். என் கால் ஆறிவிட்டது. ஒடிந்த கிளை அந்த நீளத்துக்குத் திரும்ப வளர எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்பதை ஊருக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன், இன்றும் அது உறுத்துகிறது.

எதைப் பார்க்கப் போகிறோம்

பவளப்பாறை என்று பெயர் இருந்தாலும் அது பாறை இல்லை, செடியும் இல்லை. குட்டிக் குட்டி விலங்குகள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வாழும் குடியிருப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், அதைச் சுற்றி மெல்லிய விரல்கள், அடியில் தானே கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் கிண்ணம். அதன் சதைக்குள் ஒருவகைப் பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கிச் சமைத்துப் பவளத்துக்குச் சாப்பாட்டில் பெரும்பங்கு கொடுப்பது அந்தப் பாசிதான். அதனால்தான் தெளிந்த, ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடலில் பவளம் செழிக்கிறது.

கிளைக்கிற வகைகள் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் வளரும், வேகமானவை பத்து சென்டிமீட்டர்கூட வளரலாம். உருண்டையான குண்டுப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். கல்யாண வீட்டு அண்டா உயரத்துக்கு ஒன்றைப் பார்த்தால், நம் தாத்தா பிறப்பதற்கு முன்பே அது அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

போகும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஏமாந்துபோவீர்கள். விளம்பரப் படங்களில் இருக்கிற சிவப்பும் ஊதாவும் நேரில் அப்படியே இருக்காது. ஆரோக்கியமான பவளம் பெரும்பாலும் பழுப்பு, மஞ்சள், பாசிப்பச்சை நிறத்தில்தான் இருக்கும், உள்ளிருக்கும் பாசியின் நிறம் அது. போதாததற்குத் தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு வெளிச்சத்தைத்தான். ஐந்து மீட்டர் ஆழம் போவதற்குள்ளேயே சிவப்பு மங்கிவிடும். மோதிரத்தில் பதிக்கிற செம்பவளம் வேறு இனம், அதற்குப் பாசியும் வேண்டாம், வெயிலும் வேண்டாம்.

பளிச்சென்று வெள்ளையாக ஒரு பவளம் தெரிந்தால் அழகு என்று நினைத்துவிடாதீர்கள். கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, கிட்டத்தட்ட அந்த வெள்ளை. (நம்முடையது மக்னீசியம் கார்பனேட், பவளத்தின் எலும்பு கால்சியம் கார்பனேட்.) கடல் வழக்கமான கோடையைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் கொதித்தாலே பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது, சதை கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருக்கும் எலும்பு தெரிகிறது. அந்த நேரத்தில் அது பட்டினியில் இருக்கிறது, இன்னும் சாகவில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படிப் பெரிய வெளுப்பு நடந்தது.

எங்கே, எப்போது

நமக்கு மூன்று வழி இருக்கிறது. பக்கத்தில் இருப்பது மன்னார் வளைகுடா: 21 தீவுகள், 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. ஒரு காலத்தில் அங்கே பவளத்தைச் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள், இப்போது தீவுகளுக்குள் இஷ்டத்துக்குப் போக முடியாது. பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு விடுகிறார்கள், ராமேஸ்வரம் போகிறவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவது லட்சத்தீவு. கொச்சியிலிருந்து கப்பலும் விமானமும் உண்டு, சேலத்திலிருந்து கொச்சி ரயிலில் ஒரு பகல்கூட ஆகாது, ஆனால் நுழைவு அனுமதி வாங்கியாக வேண்டும், அதற்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மூன்றாவது அந்தமான். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். தலைநகர் போர்ட் பிளேர், ஹேவ்லாக் தீவு, நீல் தீவு மூன்றுக்கும் இந்தியர்களுக்குத் தனி அனுமதி வேண்டாம், போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அம்மா அப்பாவைக் கூட்டிப் போனாலும் பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை.

பெயர்க் குழப்பம் வரும். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷாஹீத் தீவு ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் ஒன்று இருக்கும், வாயில் இன்னொன்று வரும், இரண்டும் ஒரே இடம்தான்.

நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போகலாம். எனக்குப் பிடித்தது பிப்ரவரி, மார்ச்: கடல் அடங்கியிருக்கும், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மே பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கிவிடும், பள்ளி விடுமுறைக்கு என்று மே கடைசியில் போட்டுவிட்டுப் படகு ரத்தாகி அறையில் உட்கார்ந்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு முந்தைய மாதம்

இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள், கட்டுரையை நான் எழுதுவதே இதற்காகத்தான்.

முதல் வாரம் வீட்டிலேயே தொடங்கலாம். சொந்தமாக ஒரு மாஸ்க்கும் ஸ்நார்கெலும் (வாயில் கவ்வி மூச்சுவிடுகிற குழாய்) வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே வாடகைக்குக் கிடைப்பது பல பேர் வாயில் போனது, உங்கள் முகத்துக்குப் பொருந்தும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கடையிலேயே சோதிக்கலாம்: வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உள்ளிழுங்கள், கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்களுடையது. மீசை வைத்தவர்களுக்கு மேலுதடு வழியே தண்ணீர் கசியும், மீசையில் கொஞ்சம் வாசலின் தடவினால் நிற்கும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு பவர் வைத்த மாஸ்க்கே கிடைக்கிறது.

அப்புறம் குளியலறையில் அகலமான அண்டாவிலோ டப்பிலோ தண்ணீர் நிரப்பி, மாஸ்க்கும் குழாயும் மாட்டி, முகத்தை மட்டும் உள்ளே வைத்து வாயால் மூச்சுவிடுங்கள். கேட்க லேசாக இருக்கும். முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் தலையைத் தூக்கிவிடுவீர்கள், ஏனென்றால் முகம் தண்ணீரில் இருக்கும்போது மூச்சிழுக்க உடம்பு ஒத்துக்கொள்ளாது. ஒரு வாரம் தினமும் ஐந்து நிமிடம் செய்தால் அந்தப் பயம் தானாகப் போய்விடும். மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் பலமாக ஊதுங்கள், தண்ணீர் கீழ் வழியே வெளியே போய்விடும். எனக்கு அன்றைக்கு இந்த ஒன்று தெரிந்திருந்தால் அந்தக் கிளை ஒடிந்திருக்காது.

இரண்டாவது வாரத்திலிருந்து நீச்சல் குளம், அல்லது படி உள்ள தோட்டத்துக் கிணறு. கூட நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் பழகுவது மாதிரி முதுகில் கேன் கட்டிக்கொண்டாலும் சரி, லைஃப் ஜாக்கெட் போட்டாலும் சரி. மேட்டூரில் ஆற்றில் பழகுகிறேன் என்று போகாதீர்கள், இழுப்பும் சுழலும் உள்ள இடம் பழகுவதற்கு ஆகாது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: முகத்தைத் தண்ணீரில் வைத்து, கை கால்களைப் பரப்பி, குப்புறப் படுத்து, அசையாமல் இருப்பது. உடம்பு விறைத்தால் கால் கீழே போகும், தளர்த்தினால் மேலே வரும். குப்புறக் கிடக்கும் நிலையிலிருந்து தரையைத் தொடாமல் மல்லாந்து திரும்பப் பழகிவிட்டால் போதும், களைத்தால் திரும்பிப் படுத்து வானத்தைப் பார்த்து ஓய்வெடுக்கலாம். கிணற்றில் இதைச் செய்தவருக்குக் கடல் இன்னும் லேசு. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அதுவே ஆளைத் தூக்கிப் பிடிக்கும்.

என் அம்மாவைக் கூட்டிப் போனபோது அவருக்கு 58 வயது. கிணற்றுப் படியில் உட்கார்ந்து காலை நனைத்ததோடு சரி, மூன்று நாள் இறங்கவே இல்லை. நாலாவது நாள் தானாக முகத்தை வைத்துப் பார்த்தார். மாதக் கடைசியில் கேன் இல்லாமல் இரண்டு நிமிடம் மிதந்தார்.

பயணம்

இது எளிது, சுருக்கமாகச் சொல்கிறேன். சேலம் ஜங்ஷனில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது சென்னை. அங்கிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். சென்னையிலிருந்து கப்பலும் உண்டு, மூன்று நாள் பிடிக்கும், முதல் தடவைக்கு வேண்டாம். காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் போக நினைப்பவர்கள் அந்தமான் விமானத்தோடு நேரம் ஒத்துவருகிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போக தனியார் வேகப் படகில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும், அரசுப் படகில் இரண்டரை. ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் உங்களுக்குக் குமட்டுகிறதா? அப்படியானால் படகிலும் குமட்டும். டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, ஏறுவதற்கு அரைமணி, முக்கால் மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம், இரண்டு இட்லி போதும்.

திரும்பி வரும்போது தீவிலிருந்து படகும் சென்னை விமானமும் ஒரே நாளில் வருகிற மாதிரி போடவே போடாதீர்கள். கடல் சரியில்லை என்றால் படகு ரத்து, விமானம் யாருக்காகவும் நிற்காது. கடைசி ராத்திரி போர்ட் பிளேரில் தங்குங்கள். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் எழப் பழகுங்கள், அங்கே ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும், குளிர்காலத்தில் சாயங்காலம் ஐந்தரைக்குள் இருட்டிவிடும்.

தண்ணீரில் இறங்கும் நாள்

ஹேவ்லாக்கில் எலிஃபன்ட் கடற்கரை ஆழம் குறைவு, முதல் முயற்சிக்கு நல்லது, ஆனால் கூட்டம். காலை முதல் படகில் போய்விடுங்கள். போர்ட் பிளேர் பக்கம் வண்டூரில் 1983-இல் அறிவித்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளை மாற்றி மாற்றித் திறக்கிறார்கள், ஒன்றில் ஆட்கள் வரும்போது மற்றது ஓய்வெடுக்கும். பிளாஸ்டிக்கை உள்ளே விடமாட்டார்கள், எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள். தண்ணீரிலேயே இறங்காதவர்களுக்குக் கண்ணாடி அடி போட்ட படகு இருக்கிறது. அதைவிட நல்லது நீல் தீவில் இயற்கைப் பாலம் என்கிற பாறை வளைவு. கடல் வற்றி நிற்கும் நேரத்தில் பாறைக் குழிகளில் கடல் அட்டை, சின்ன மீன், நண்டு எல்லாம் முழங்கால் தண்ணீரிலேயே தெரியும். வற்றும் நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும், தங்கும் இடத்தில் முந்தின நாளே கேட்டு வையுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் உள்வாங்கும்.

உடைக்கு முழுக்கை உள்ள, உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட்டும் லெகிங்ஸும். துப்பட்டா, சேலை எதுவும் தண்ணீரில் ஆகாது. வெயிலுக்கு கிரீம் பூசிக்கொண்டு இறங்குவதைவிட இப்படித் துணியால் மூடுவது மேல், கிரீம்களில் இருக்கிற ஆக்ஸிபென்சோன் போன்ற ரசாயனங்கள் பவளத்துக்கு ஆகாது என்று ஹவாயில் 2021 முதல் விற்கவே தடை.

லைஃப் ஜாக்கெட்டின் எல்லா வாரையும் இறுக்குங்கள், தளர்வாக இருந்தால் ஜாக்கெட் மட்டும் காதுவரை மிதக்கும், நீங்கள் உள்ளே தொங்குவீர்கள். மாஸ்க் கண்ணாடியில் எச்சில் தடவிக் கழுவினால் ஆவி படியாது. வழிகாட்டி மிதவை வளையத்தைப் பிடித்து உங்களை இழுத்துப் போவார். எங்களோடு வந்த பையனுக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்தது. அம்மாவுக்கு அவன் சொன்னது: "அம்மா, சைக்கிள் மிதிக்காதீங்க. கட்டில்ல குப்புறப் படுத்த மாதிரி இருங்க, நான் இழுத்துட்டுப் போறேன்." இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. செங்குத்தாக நின்று மிதித்தால் கால் பவளத்தை உடைக்கும், கிளப்பிய மணல் போய் அதன் மேல் படிந்து மூச்சு முட்டும். நிற்கத்தான் வேண்டும் என்றால் வெறும் மணல் உள்ள இடத்துக்கு வந்து நில்லுங்கள்.

முதல் இரண்டு நிமிடம் எதையும் தேடாமல் சும்மா மிதங்கள். காதுக்குள் ஒரு சத்தம் வரும், தாளிக்கும்போது எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி, நிற்காமல். சின்ன இறால் வகைகள் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் அது, உயிருள்ள பாறையில் இது நன்றாகவே கேட்கும். அப்புறம் "கறுக், கறுக்" என்று வறுகடலை கடிப்பது போல இன்னொன்று கேட்டால் சுற்றிப் பாருங்கள், பச்சையும் நீலமுமாகக் கிளிமீன் எங்கேயோ மேய்ந்துகொண்டிருக்கும். அலகு மாதிரியான பல்லால் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்கிறது, சுண்ணாம்பை அரைத்து மணலாகக் கழிக்கிறது. நான் ஒன்றின் பின்னாலேயே மிதந்தபோது, அது கழித்த மணல் வெயிலில் ஒரு வெள்ளைக் கோடாக மெதுவாக இறங்கியதைப் பார்த்தேன். பெரிய கிளிமீன் ஒன்று வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும். நாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற அந்த வெள்ளைக் கடற்கரை மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

பூ மாதிரி இருந்தாலும் விலங்கான கடற்சாமந்தியைப் பார்த்தால் நில்லுங்கள், அதாவது மிதந்தபடி நில்லுங்கள். அதன் கொட்டும் விரல்களுக்குள் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் பயமில்லாமல் நுழைந்து வெளிவரும், உடம்பில் உள்ள வழுவழுப்பு அதைக் காப்பாற்றுகிறது. கூட்டத்தில் இருப்பதிலேயே பெரியது பெண். அது செத்துப்போனால் ஜோடியாக இருந்த ஆண் பெண்ணாக மாறிவிடும். இன்னொன்று, பாறையில் பதிந்த ராட்சத மட்டி: அலையலையாக நீல உதடு விரித்துக் கிடக்கும், உங்கள் நிழல் விழுந்ததும் சட்டென்று பாதி மூடிக்கொள்ளும். அம்மா மூன்று முறை கையை நீட்டி நிழல் காட்டிப் பார்த்தார், மூன்று முறையும் மூடியது. நாலாவது முறை வேண்டாம் என்று பையன் சொன்னான், மூடியிருக்கிற நேரமெல்லாம் அதற்குச் சாப்பாடு குறையும்.

எதையும் தொட வேண்டாம். சிங்கமீனின் துடுப்பு முள்ளிலும், கல் மாதிரியே கிடக்கும் கல்மீனின் முதுகிலும் விஷம். குத்திவிட்டால் கையோ காலோ தாங்குகிற சூட்டில் வெந்நீரில் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் கடற்கரையில் முழங்கால் அளவுகூட இறங்காதீர்கள், அந்தமானில் உவர்நீர் முதலை உண்மையாகவே உண்டு. நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வந்து, பிறகு கரையை நோக்கித் திரும்புங்கள்.

கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டையும் பையில் போடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. விமான நிலையத்தில் பையைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

இன்னும் ஆழம் போக ஆசைப்பட்டால்

ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்குவது, அதன் முதல் முயற்சிக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை, பயிற்சியாளர் பிடித்துக்கொண்டே வருவார், பன்னிரண்டு மீட்டருக்கு மேல் கூட்டிப்போக மாட்டார்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் இறங்கக் கூடாது, கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. சளி பிடித்திருந்தாலும் அன்று வேண்டாம், காரணம் காது.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது காது அடைத்துக்கொண்டு, எச்சில் விழுங்கினால் "டப்" என்று திறக்கும் அல்லவா? ஆயிரத்து இருநூறு மீட்டர் இறங்கியதில் வந்த அந்த அழுத்த மாற்றம், கடலில் ஒன்றரை மீட்டர் போவதற்குள்ளேயே வந்துவிடும். அதனால் தலை தண்ணீருக்குள் போனதிலிருந்தே, வலிக்கும்வரை காத்திருக்காமல், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைத் திறந்துகொண்டே இறங்க வேண்டும். திறக்கவில்லை என்றால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயற்சி செய்யுங்கள். பயிற்சியாளர் அவசரப்படுத்தினாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

ஸ்கூபா முடித்த உடனே விமானம் ஏறக் கூடாது. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும், அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழ் விடும். ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. நான் 24 மணி நேரம் வைத்துக்கொள்கிறேன், ஸ்கூபாவைப் பயணத்தின் முதல் பாதியிலேயே முடித்துவிடுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் இதில் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். இப்போது புதுச்சேரிக் கடலிலேயே ஸ்கூபா இருக்கிறது, காலையில் அங்கே இறங்கிவிட்டு, மதியம் காரில் கிளம்பி, கள்ளக்குறிச்சி ஆத்தூர் வழியாக வந்து, ராத்திரி ஏற்காட்டில் அறை போடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், விமானத்துக்குச் சொன்ன கணக்கு அந்த மலைப்பாதைக்கும் பொருந்தும். அன்று ராத்திரி சேலத்திலேயே தங்கி, அடுத்த நாள் மதியத்துக்கு மேல் மலை ஏறுங்கள்.